அத்தைக்கு ஒரு பூஜ்யம்

எங்கள் கோயில் அணி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கதை, நடந்த வரிசையில்:

1. கோயில் தலைவர் பதவிக்கு எங்கள் அணியின் சார்பில் நிற்க மூன்று பேர் ஆசைப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் என் அத்தை.
2. மூன்று தெருக்களில் மூன்று கூட்டம் நடத்தி, யாரை நிறுத்துவதென்று முடிவு செய்ய ஏற்பாடானது. கூட்டத்தை எப்படி நடத்துவது என்று சொன்னது நான்.
3. முதல் தெருவில் அத்தை ஜெயிப்பார் என்று கணித்தேன். தோற்றார்.
4. இரண்டாம் தெருவில் வேறொருவர் ஜெயிப்பார் என்று கணித்தேன். அவரும் தோற்றார்.
5. மூன்றாம் தெருக் கூட்டத்துக்கு முன்பு அத்தை என்னிடம் வந்து, கணிப்பில் தன் பெயருக்கு நேராக ஒரு பூஜ்யம் போடச் சொன்னார்.

ஐந்தாவதை யாரும் நம்புவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் அமெரிக்காவில் தொடங்கியது. யாங்கோனின் தாகேதாப் பகுதியில் எங்கள் தெரு ஆண்கள் இங்கிலாந்துக் கால்பந்தைப் பின்தொடர்வார்கள். என் அப்பா மட்டும் அமெரிக்கக் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதைப் பின்தொடர்வார். அதிபர் தேர்தல் அவருக்குச் சப்பென்றிருக்கும், இரண்டு பேர்தானே. அதற்கு முன்னால், பனிக்காலத்தில், ஒரே கட்சிக்குள் ஒரு கும்பலே முண்டியடிக்குமே, அதுதான் அவருக்கு ஆட்டம். டீக்கடையில் நம் நாட்டு அரசியல் பேசினால் கடைக்காரர் வந்து சுத்தமாக இருக்கும் மேசையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அமெரிக்க விஷயத்தை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசலாம். துடைக்க வரமாட்டார்.

சோளம் விளையும் ஒரு மாநிலத்தில் முதல் கூட்டங்கள் நடக்கும். அங்கே மாலை கூடினால் இங்கே மறுநாள் காலை. அப்பாவும் நானும் ஆளுக்கொரு கிண்ணம் மொஹிங்கா என்ற மீன்சாற்று நூடுல்ஸோடு கைபேசித் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். முதல் கூட்டங்களில் யார் முந்துகிறாரோ அவரைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள், அந்தப் பேச்சே அடுத்த மாநிலத்தில் அவருக்கு ஆள் சேர்க்கும். கடைசியில் யார் நிற்பார் என்பதை இந்த ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதுதான் எங்கள் போட்டி.

நான் பொதி அனுப்பும் ஒரு நிறுவனத்தில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். எதையும் அட்டவணையாக்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு வரிசை போட்டு, எத்தனை ஊருக்குப் போனார், யார் ஆதரித்தார், போன தடவை இப்படிப்பட்டவர் என்ன ஆனார் என்று நிரப்புவேன். அப்பாவின் முறை வேறு. வேட்பாளர்கள் சந்தைக்குப் போய்த் தின்பண்டம் வாங்கித் தின்னும் காட்சிகளை மட்டும் பார்ப்பார்.

"திங்கிறப்ப கேமராவப் பாக்கிறவன் தேறமாட்டான்மா. சோளத்தப் பாக்கணும்."

எங்களில் யார் அதிகம் சரியாகச் சொன்னது என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை.

அந்த மாநிலத்தில் ஒரு கட்சி நெடுங்காலம் வைத்திருந்த வழக்கம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். அக்கம்பக்கத்தார் பள்ளிக்கூடத்திலோ பொது மண்டபத்திலோ கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. யாரை ஆதரிக்கிறீர்களோ அவர் மூலையில் போய் நிற்க வேண்டும். தலைகளை எண்ணுவார்கள். ஒரு மூலையில் ஆள் போதாவிட்டால் அந்தக் கூட்டம் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம். மறுபடி எண்ணுவார்கள். சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. மனதில் இருப்பதைக் காலால் சொல்வது.

இந்த இடத்தில் எங்கள் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு அணிகள். நான் பிறப்பதற்கு முன்பு, கல்யாண மண்டபத்தைக் கோயிலுக்கு முன்னால் கட்டுவதா பின்னால் கட்டுவதா என்று சண்டை வந்ததாம். மண்டபம் கடைசியில் பக்கவாட்டில் கட்டப்பட்டது. அணிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. நாங்கள் பின்னால் அணி. தலைவர் பதவிக்கு அணிக்கு ஒருவர் நிற்பார். பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் எல்லாரும் சீட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. தையல் ஆலை ஒன்றில் ஒரு வரிசைக்கு மேற்பார்வையாளர். அவர் பர்மிய மொழியில் 'ம்' என்று சொன்னால் ஒரு வரிசைத் தையல் இயந்திரம் நிற்கும் என்று பேச்சு. விடுமுறை நாட்களில் கோயில் சமையலறையில் அன்னதானச் சமையலை நடத்துகிறவரும் அவர்தான். அந்த அறைக்கு ஒரு கதவு உண்டு. ஜன்னல் கிடையாது, புகைக்கூண்டு கிடையாது. மின்சாரம் ஒழுங்காக வந்த காலத்தில் மின் அடுப்பு இருந்தது. இப்போது கரியும் விறகும்தான். சமைத்துவிட்டு வெளியே வரும் பெண்களைப் பார்த்தால் உள்ளே ஏதோ துக்கம் நடந்துவிட்டதென்று நினைக்கத் தோன்றும். புகைக்கூண்டு வைப்பதாகச் சொல்லி வந்த தலைவர் ஒருவர் வாசலுக்கு வளைவு கட்டினார். அதையே சொல்லி வந்த அடுத்தவர் அந்த வளைவுக்கு வண்ணம் அடித்தார்.

"நானே உக்காந்தாத்தான் அந்தச் செவுத்துல ஓட்ட விழும். இன்னொருத்தர உக்கார வச்சா இன்னொரு வளைவுதான் வரும்" என்றார் அத்தை.

அவர் இதற்கு முன்பும் இரண்டு முறை நிற்க ஆசைப்பட்டவர். அப்போதெல்லாம் தெருக் கூட்டம் இப்படி நடக்கும்: ஒரு பெரியவர் எழுந்து ஒரு பெயரைச் சொல்லி, "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்பார். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த மௌனம் சம்மதமாகிவிடும். பெரியவர்கள் வாயில் அத்தையின் பெயர் வந்ததே இல்லை. இம்முறை மூன்று பேர் ஆசைப்பட்டதால் பெரியவர்களுக்கே குழப்பம். அந்தக் குழப்பத்தில் நான் மெல்ல நுழைந்து, மூலைக்கு மூலை நிற்கும் முறையைச் சொன்னேன். கையில் வரைபடம் வைத்திருந்தேன். வரைபடத்தோடு வருகிறவளை எங்கள் ஆட்கள் மறுத்துப் பேசுவதில்லை.

ஒரே ஒரு விதியை மட்டும் பெரியவர்கள் ஏற்கவில்லை. ஆள் போதாத மூலையைக் கலைப்பது.

"எப்படிம்மா கலைக்கிறது? ஒருத்தரப் பாத்து, உனக்கு ஆள் பத்தல, நகருன்னு சொல்றதா? ஆநாவா இருக்காது?"

ஆநா என்பது பர்மியச் சொல். நம்மால் அடுத்தவருக்கு ஒரு சங்கடம் வந்துவிடுமோ என்று நமக்குள் ஒரு சங்கடம் வருமே, அது. தமிழில் இதற்கு ஒரே சொல் கிடையாது. யாங்கோனில் நாங்கள் தமிழ் பேசும்போதும் அதைத்தான் சொல்கிறோம். தமிழ் சரியாக வராத எங்கள் தலைமுறைக்குக்கூட அது மட்டும் ரத்தத்தில் வரும்.

சரி, கலைக்க வேண்டாம் என்று ஒப்புக்கொண்டேன். இன்னொரு வித்தியாசமும் இருந்தது. அமெரிக்காவில் மூலையில் வேட்பாளர் நிற்பதில்லை. அவர் எங்கோ மேடையில் இருப்பார். மூலையில் அவர் பெயர்ப் பலகைதான் இருக்கும். இங்கே மூன்று பேரும் தாங்களே வந்து அவரவர் மூலையில் நிற்பதாக ஆயிற்று. இதை நான் சிறிய வித்தியாசமென்று நினைத்தேன்.

மூன்று தெருக்களில் எவர் அதிகத் தெருவை வெல்கிறாரோ அவர் அணியின் வேட்பாளர்.

அத்தையோடு போட்டியிட்டவர்கள் இருவர். ஒருவர் துறைமுகத்து மாமா. துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்புரையை ஏற்கனவே எழுதி வைத்திருந்தார். இன்னொருவர் மைக்செட் ஊலே. ஊலே என்றால் மாமாதான். இவரை மட்டும் எதனாலோ எல்லாரும் பர்மியத்தில் கூப்பிடுவோம். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். ஊரையே அலற வைக்கும் தொழில் செய்கிற அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் ஏன் பெயர் கொடுத்தார் என்று விசாரித்தேன். யாரோ "நீங்களும் நில்லுங்க ஊலே" என்று சொன்னார்களாம். மறுத்தால் அவர் மனம் நோகுமே என்று சரியென்றுவிட்டாராம்.

முதல் தெருவுக்கான கணிப்பை நான் ஒழுங்காகவே செய்தேன். வீடு வீடாகக் கேட்டேன். எல்லாரும் "உங்க அத்தைக்குத்தாம்மா" என்றார்கள். அத்தையின் மருமகளிடம் வேறென்ன சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆகவே தாராளமாகக் கழித்தேன். கழித்தும் அத்தைதான் முன்னால் நின்றார். துறைமுகத்து மாமாவுக்குக் கொஞ்சம். ஊலேவுக்குப் பூஜ்யம். அதை அணியின் கைபேசிக் குழுவில் போட்டேன், வண்ணப் பட்டைகளோடு.

கூட்டம் ஒரு ஞாயிறு காலை, முதல் தெருவில் ஒரு வீட்டின் கூடத்தில். ஜன்னல் ஓரம் அத்தைக்கு. தொலைக்காட்சி ஓரம் துறைமுகத்து மாமாவுக்கு. மின்சாரம் போனால் விளக்கெரிய வைத்திருக்கும் பெரிய பேட்டரியின் பக்கம் ஊலேவுக்கு. நான்காவது மூலை இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு. டீயும் சமூசாவும் அங்கே இருந்ததால் முதலில் எல்லாரும் முடிவு செய்யாதவர்களாகவே இருந்தார்கள்.

சமூசா தீர்ந்ததும் கால்கள் நகர்ந்தன. நேராக அத்தையின் மூலைக்கு. கூட்டம் கூட்டமாக. துறைமுகத்து மாமாவிடம் அவருடைய சொந்தக்காரர்கள் போனார்கள். பேட்டரியின் பக்கத்தில் ஊலே தனியாக, பேட்டரிக்கு ஏதோ பழுது என்பதுபோல அதையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

எண்ண ஆரம்பிக்கலாம் என்று நான் எழுந்தபோது ஓர் அக்கா அத்தையின் முழங்கையைத் தொட்டார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. உங்களுக்குத்தான் நெறயப் பேர் இருக்காங்களே. ஊலே ஒத்தையா நிக்கிறாரு. எங்க மக கல்யாணத்துக்கு அவருதான் மைக்செட்டு. நான் ஒருத்தி போய் நின்னுட்டு வந்துர்றேன்."

அத்தை பெருந்தன்மையாகத் தலையாட்டினார். ஜெயிக்கப்போகிறவரின் தலையாட்டல். அடுத்து ஒருவர் வந்தார்.

"நான் ஒருத்தன் போனா என்ன ஆகிறப்போகுது."

பிறகு ஒரு கணவனும் மனைவியும். பிறகு அவர்கள் பின்னால் ஒரு குடும்பம். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். போன பிறகு திரும்பி வரவும் முடியவில்லை. ஊலே ஒவ்வொருவரையும் பார்த்து அப்படி நன்றியோடு கும்பிட்டார். எண்ணி முடித்தபோது முதல் தெரு ஊலேவுடையது. அவர் முகத்தைப் பார்த்தால் வீட்டில் திருடு போன மாதிரி இருந்தது.

நாங்கள் திரும்பி நடந்தோம். எங்கள் தெரு முனை வந்ததும் அத்தை கேட்டார்.

"அமெரிக்காவுலயும் இப்படித்தானா?"

"இல்ல அத்தை. அங்க சின்னக் கூட்டந்தான் கலைஞ்சு பெரிய கூட்டத்துக்குப் போகும்."

"மூஞ்சிக்கு நேராவா எண்ணிச் சொல்லுவாங்க, பத்தலன்னு?"

"ஆமா."

"மனுசங்கதானா அவங்க" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனார்.

இரண்டாம் தெருவுக்கு நான் என் கணக்கைத் திருத்தினேன். முதல் கூட்டத்தில் ஜெயித்தவர் பக்கம் காற்று வீசும் என்பது சோள மாநிலத்திலிருந்து கற்ற பாடம். தெருவெல்லாம் ஊலே பேச்சாகத்தான் இருந்தது. ஆகவே ஊலே முன்னால், அத்தை அடுத்து, துறைமுகத்து மாமா கடைசி. குழுவில் போட்டேன். துறைமுகத்து மாமா ஒரே ஒரு கேள்விக்குறியை மட்டும் பதிலாக அனுப்பினார்.

இரண்டாம் தெருவில் நடந்ததை நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஊலேவுக்குத்தான் நிறையப் பேர் இருக்கிறார்களே என்று யாரும் அவர் பக்கம் போகவில்லை. அத்தை பக்கம் போகத்தான் நினைத்தார்கள். ஆனால் துறைமுகத்து மாமா சட்டைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, கேட்க ஓர் ஆள்கூட இல்லாத மூலையில் நின்று தன் உரையை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு மனிதர் சுவரைப் பார்த்து "அன்பார்ந்த பெரியோர்களே" என்று சொல்வதை எத்தனை பேரால் தாங்க முடியும்? இரண்டாம் பக்கம் முடிவதற்குள் அந்த மூலை நிறைந்துவிட்டது. தெரு அவருடையதாயிற்று.

தன் உரைதான் ஜெயித்தது என்று அவர் நம்பினார். அவரிடம் யாரும் வேறு காரணம் சொல்லவில்லை. ஆனால் கணிப்பில் அவரைக் கடைசியாகப் போட்டதற்காக என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அப்பாவுக்கு இதுபோல ஒரு மகிழ்ச்சி அமெரிக்கா கொடுத்ததே இல்லை.

"உன் பட்டியல்ல யாரு மேல இருக்காங்களோ அவங்க காலி. நீ கணிக்கலம்மா. செய்வினை வக்கிற."

அவர் கிண்டலாகச் சொன்னாலும் அதுதான் உண்மை. என் சோதனை வேலையில் இதற்கு ஒரு பாடமே உண்டு: அளக்கிற கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றினால் முதலில் கருவியைத் தூக்கி வெளியே வை. கணிப்பைப் பார்த்துவிட்டு ஆட்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். யாருக்கு ஆள் இருக்காது என்று தெரிந்துகொண்டு, அவருக்காக வருத்தப்படத் தயாராகவே வந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஆலையிலிருந்து நேராக அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் நூல் துணுக்குகள் அப்படியே ஒட்டியிருந்தன. உட்காரக்கூட இல்லை.

"மூணாந்தெருவுக்குப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல அத்தை."

"எனக்கு ஒரு பூஜ்யம் போடு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் குலுங்கியது.

"அத்தை, கணிப்புன்னா எனக்கு எது நடக்கும்னு தோணுதோ அதத்தான் போடணும்."

"பூஜ்யம் போட்டா என்ன நடக்கும்?"

"எல்லாரும் உங்க பக்கம் வருவாங்க."

"அப்ப போடு."

"எல்லாரும் வருவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சப்புறம் பூஜ்யம் போட்டா அது பொய்யில்லையா?"

அத்தை தோளிலிருந்த நூல் துணுக்கொன்றை எடுத்துப் போட்டார்.

"நான் பொய் சொல்லச் சொல்லல. கம்மியாச் சொல்லச் சொல்றேன்."

"முடியாது அத்தை."

"அம்மன் மேல சத்தியமா வளைவு கட்ட மாட்டேன்."

"அது தெரியும்."

"முந்தாநாள் லீவுல கோயில்ல சமைச்சது, நேத்து பூரா கண்ணு எரிச்சல்ல ஊசிக்கண்ணே தெரியல. மேஸ்திரி கேக்கிறான், வீட்ல யாரு செத்தாங்கன்னு" என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

அன்று நான் அட்டவணையோடு நெடுநேரம் போராடினேன். அத்தையை மேலே போட்டால் தோற்பார். கீழே போட்டால் ஜெயிப்பார். ஜெயிப்பார் என்றால் மேலே போட வேண்டும். மேலே போட்டால் தோற்பார். எந்த எண்ணைப் போட்டாலும் போட்ட கணத்திலேயே அது தவறாகிவிடுகிறது. கணிதத்தில் இதற்கெல்லாம் பெயர் இருக்கும். எங்கள் தெருவில் இதற்குப் பெயர் ஆநா.

கடைசியில் குழுவில் ஒரே வரி போட்டேன்: மூன்றாம் தெருவுக்குக் கணிப்பு இல்லை.

பதில்கள் குவிந்தன. ஏன் இல்லை, உடம்பு சரியில்லையா, நெட் இல்லையா என்று விசாரித்தார்கள். ஒருவர் எனக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். அத்தை எதுவும் எழுதவில்லை. ஒரு கட்டைவிரலை மட்டும் போட்டார். மேல் நோக்கியா கீழ் நோக்கியா என்று சொன்னால் குடும்பத்தில் பிரச்சினை வரும்.

மூன்றாம் தெரு எங்கள் தெருதான். பெரிய கூடம் உள்ள வீடொன்றில் கூட்டம். எண்ணும் பொறுப்பு அப்பாவுக்கு. மூலைகளைப் பிரிக்கும்போது அத்தை, மூவரில் வயதில் சின்னவராக இருந்தும், முதலில் எழுந்து தன் மூலையைத் தேர்ந்தெடுத்தார். காற்று வரும் ஜன்னலை ஊலேவுக்கு விட்டார். மின்விசிறியைத் துறைமுகத்து மாமாவுக்கு விட்டார். தான் போய்ச் சமையலறைக் கதவோரம் நின்றார். நல்ல மனசு என்று பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார்.

கூட்டம் உட்கார்ந்தவுடனே மின்சாரம், எங்கள் பேச்சில் மீ, போனது.

"மீ போயிருச்சு" என்று உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மாளின் குரல் கேட்டது. "டீக்குக் கரி அடுப்பு பத்த வக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அப்பா கைதட்டினார். "அவங்கவங்க மூலைக்குப் போகலாம்."

யாரும் போகவில்லை.

மூன்று பேரும் மூன்று மூலையில் தனித்தனியாக நின்றார்கள். கூட்டம் முழுக்க நான்காவது மூலையில். கணிப்பு இல்லாததால் யாருக்கு ஆள் வராது என்று யாருக்கும் தெரியவில்லை. மூவருமே பாவமாகத்தான் இருந்தார்கள். ஒருவரிடம் போனால் மற்ற இருவர் மனம் நோகும். ஆகவே நாகரிகமாக எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். துறைமுகத்து மாமா காகிதத்தை எடுத்தார். வெளிச்சம் போதவில்லை, உள்ளே வைத்தார். அப்பா மறுபடி கைதட்டினார். மறுபடி யாரும் போகவில்லை.

"நீங்க மொதல்ல போங்க."

"இல்லல்ல, நீங்க பெரியவங்க, நீங்க போங்க."

"நான் டீ குடிச்சுட்டுப் போறேன்."

கரி நனைந்திருக்க வேண்டும். சமையலறையிலிருந்து புகை வர ஆரம்பித்தது. கதவு வழியாக வெளியே வந்து, நேராக அத்தையின் மூலையில் தேங்கியது. அத்தை நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஆலையில் தன் வரிசையைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் சிவந்தது. பிறகு தண்ணீர் வந்தது. முந்தானையால் ஒரு முறை துடைத்தார். இரண்டாவது முறை துடைக்கவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது.

எதிர்மூலையில் ஜன்னல் ஓரம் நின்ற மைக்செட் ஊலேவுக்கு அங்கிருந்து புகை சரியாகத் தெரிந்திருக்காது. கண்ணீர் மட்டும் தெரிந்தது. தான் நின்றதால், தன் முதல் தெருவால், ஒரு பெண் ஊர் முன்னால் அழுகிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் முகம் கோணியது. ஜன்னலை விட்டார். கூடத்தைக் குறுக்காகக் கடந்தார். ஒரு வேட்பாளர் தன் மூலையைவிட்டு இன்னொரு வேட்பாளரின் மூலைக்குப் போய் நின்றதை நான் சோள மாநிலத்தில் பார்த்ததில்லை.

"அழுவாதீங்கம்மா" என்றார். அவ்வளவு பேரும் அவர் குரலைக் கேட்டது அதுதான் முதல் முறை. நல்ல கனமான குரல். "எனக்கு வேணாம். என் தெருவும் உங்களுக்கே."

அது புகை என்று அத்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்பா கூரையைப் பார்த்தார்.

அதற்குமேல் தடுக்க முடியவில்லை. ஊலேவே போய்விட்டார், நாம் போகாவிட்டால் நன்றாகவா இருக்கும் என்று கூட்டம் மொத்தமாக நகர்ந்தது. புகையில் எல்லாரும் இருமிக்கொண்டே நின்றார்கள். துறைமுகத்து மாமா மின்விசிறியின் கீழ் தனியாக நின்றார், விசிறி ஓடவுமில்லை. ஓரிருவர் அவரைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

"எண்ணியாச்சு" என்றார் அப்பா. அவர் எண்ணவே இல்லை.

முதல் தெருக்காரர்களைக் கேட்காமல் ஊலே தெருவைத் தூக்கிக் கொடுக்கலாமா என்று துறைமுகத்து மாமா சட்டம் பேசினார். கேட்டார்கள். முதல் தெருக்காரர்கள் நிம்மதியாகச் சம்மதித்தார்கள். அவர்கள் ஆரம்பத்திலேயே அத்தையிடம்தான் நின்றார்கள். ஊலேவிடம் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வரத்தான் போனார்கள்.

அன்று மத்தியானம் அத்தையிடம் கேட்டேன்.

"அந்த மூலைய ஏன் எடுத்தீங்க?"

"எங்க நின்னா என்ன? எல்லாம் ஒரே வீடுதானே."

"கரி அடுப்பு பத்த வப்பாங்கன்னு தெரியுமா?"

"இந்த நேரத்துக்கு மீ எந்த நாள் இருந்திருக்கு?" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நீதான் பூஜ்யம் போட மாட்டேன்னுட்டியே."

 அப்பா, சாப்பிடும்போது அத்தை சோற்றைத்தான் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை என்று பிறகு சுட்டிக்காட்டினார்.

இப்போதைய நிலவரம் இது. அத்தை எங்கள் அணியின் வேட்பாளர். ஊலேவைச் செயலாளர் பதவிக்கு நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. துறைமுகத்து மாமா அப்பாவோடு பேசுகிறார், என்னோடு இல்லை. முன்னால் அணியும் மூலைக்கு மூலை நின்று ஆளைத் தேர்ந்தெடுக்கப்போவதாகச் சொல்லி என்னிடம் வரைபடம் கேட்டிருக்கிறது, கொடுத்துவிட்டேன். பொதுக்கூட்டம் திருவிழாவுக்குப் பிறகு. அதில் மூலை கிடையாது, மூடிய பெட்டிதான். யார் தனியாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அத்தை ஜெயிப்பாரா என்று எனக்கும் தெரியவில்லை. சமையலறைச் சுவரில் இன்னும் ஓட்டை விழவில்லை.